மூன்றாக மடித்த தாள்

வேலாயுதம் பைக்கின் பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்துக் கிக்கரை உதைத்துப் பார்த்தார். பொறி வரவில்லை. தங்கை மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிய திங்கட்கிழமை காலையிலும் இப்படித்தான். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் தாலி ஏறிவிட்டது. மணப்பெண் நெற்றியில் தாய்மாமன் கட்ட வேண்டிய பட்டத்தை வேறு யாரோ கட்டியிருந்தார்கள். தங்கை அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. இருபது வருஷமாகத் துடைத்துத் துடைத்து ஓட்டிய வண்டி இப்படிக் காலை வாரிவிட்டதே என்று நான்கு நாளாக அதைத் தொடவே இல்லை.

பாயிண்ட் மூடியைத் திறந்தார். ஒட்டிப் பிரிந்து பொறியைக் கிளப்பும் இரண்டு முனைகளுக்கும் நடுவில், மூன்றாக மடித்த தாள் செருகியிருந்தது. பிரித்தார். சிவப்பு எழுத்தில் ‘ஞாயிறு’. தினமும் விடிந்ததும் காலண்டரில் முந்தின நாளைக் கிழிப்பவள் அவர் மனைவி கோமதி. பாயிண்டைத் துடைக்க அதை இப்படி மடித்துத் தருபவளும் அவள்தான். தங்கையோடு அவளுக்குப் பேச்சு நின்று ஆறு வருஷம். அன்றைக்குப் பட்டு வேட்டியைக்கூட அவளே எடுத்து வைத்திருந்தாள்.

“என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதாங்க?” அடுக்களையிலிருந்து கேட்டாள்.

“தெரியல. பாயிண்டைத் துடைக்கணும். ஒரு தாள் மடிச்சுக் கொண்டா.”

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.