எல்லோருக்கும் கண்ணாடி

"சொர்ணம்மாள், உன் பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

டெல்லியிலிருந்து வந்திருந்த ஸ்ரீகண்டன் கேட்டதும் கம்ப்யூட்டர் அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சர்க்கார் கம்ப்யூட்டர்களைப் பாதுகாக்க டெல்லியில் ஓர் ஏஜென்சி இருப்பதே 1987-இல் அவர் வந்த பிறகுதான் திருவனந்தபுரம் ஆபீசுக்குத் தெரிந்தது.

சொர்ணம்மாள் தலைகுனிந்தாள். தற்காலிக வேலை. போனால் போனதுதான்.

பக்கத்து சீட் தாணுமாலையன் எழுந்தார்.

"எனக்குத் தெரியும் சார். பென்ஷன்காரங்க விவரத்துல பாதிய அவ பேருல நான்தான் ஏத்துகேன். பிள்ளை தப்புந்தவறுமா அடிக்கா. பாவம்லா?"

"பாவம் பார்த்து பாஸ்வேர்டை வாங்கினா, நாளைக்கு ஒரு திருடனும் அப்படித்தான் வாங்குவான். எல்லாரும் வெளியே போங்கோ. நீ மட்டும் இரும்மா."

வெளியே ஆளாளுக்குப் பொருமினார்கள்.

"இதே ஊர்ல, கரமனையில பொறந்த ஆளாம்! நம்ம ஊர்ப் பிள்ளை சோத்துலயே மண்ணப் போடுகாரே!"

கொஞ்ச நேரத்தில் சொர்ணம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யார் கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கதவில் பாதுகாப்பு விதிகள் ஒட்டியிருந்தன. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது. செருப்போடு நுழையக் கூடாது. கடைசி விதியைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஸ்கிரீன் முன் உட்காரும் எல்லோரும் கண்ணாடி போட வேண்டும். பார்வை நன்றாக இருப்பவர்களுக்குப் பவர் இல்லாத கண்ணாடி.

"என் கண்ணுக்கு என்ன கேடு? டெல்லிக்காரருக்கு வேற சோலியே கெடையாதா?" என்று திட்டிக்கொண்டேதான் தாணுமாலையன் பழவங்காடிக் கடையில் கண்ணாடி வாங்கினார்.

ஒரே வாரத்தில் அறை முழுக்கக் கண்ணாடி முகங்கள். சொர்ணம்மாளின் விரல்கள் பறந்தன.

"இப்ப என் உதவியே வேண்டாங்கா சார்!" தாணுமாலையனுக்கு ஒரே ஆச்சரியம்.

ஸ்ரீகண்டன் டெல்லிக்குக் கிளம்பும் நாள். சொர்ணம்மாள் வாசல்வரை வந்தாள்.

"அம்மைகிட்ட சர்க்கார் ஆர்டருன்னு சொன்னேன் சார். நம்பிட்டா. இல்லைன்னா, கண்ணாடி போட்ட பொண்ண எவன் கட்டுவான்னு ஒப்பாரி வச்சிருப்பா."

ஸ்ரீகண்டன் முதன்முறையாகச் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் அதையே சொல்லு. கட்டிக்கப் போறவன்கிட்ட மட்டும், அந்த விதியே உன் ஒருத்திக்காகப் போட்டதுன்னு நீயே சொல்லிடும்மா."