பொத்துவில் மாமி வீட்டில் நிற்காமல்

கார் பொனட்டில் வெயில் கொதிக்கிறது. அதன்மேல் விரித்த தீவின் வரைபடத்தை நாலு கைகள் அமுக்கிப் பிடித்திருக்கின்றன. பிள்ளை பிறக்கமுன் மலையூரான எல்லவின் நீர்வீழ்ச்சியை ஒருதரமாவது பார்த்துவிட வேண்டுமென்று ஏழு மாத வயிற்றோடு றிபா வாசலில் நிற்கிறாள். நாளைய பாதையிலிருந்து சொந்தக்காரர் வீடுகளை அவள் புருஷன் பர்ஸான் சிவப்புப் பேனையால் வெட்டுகிறான். அவளோடு பிறந்த காக்கா றிஸ்மி திரும்ப எழுதுகிறான். “பொத்துவில் மாமி வீட்ட ஏறாமப் போனா மூஞ்ச எங்க வைக்கிற?” “ஏறினா சோறாக்காம விடுவாவா மச்சான்? நீர்வீழ்ச்சிய இருட்டுலயா பாக்கிற?” றிஸ்மி கார்ச் சில்லுக் கழற்றும் இரும்பை வீசுகிறான். பர்ஸானின் நெற்றி பிளக்கிறது. படத்தில் இரத்தம் பொத்துவிலில் நிற்காமல் நேரே எல்லவுக்கு ஓடுகிறது. பர்ஸான் றிஸ்மியின் விரல்களைக் கார்க் கதவில் வைத்து நசுக்குகிறான். றிபா போனில் கத்துகிறாள்: “மாமி, நாளைக்கு நாங்க வரல்ல. இவருக்கு மண்டை உடைஞ்சிட்டு!” மாமி இப்போதே புறப்படுகிறாவாம், வெட்டிய வீடுகளிலெல்லாம் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு.