நான்கு விநாடி

விண்ணப்பம் அனுப்பிய நான்காவது விநாடியே பதில் வந்துவிட்டது: "தாங்கள் தேர்வாகவில்லை."

மறுநாள் காலை அந்த மென்பொருள் நிறுவனத்தின் வரவேற்பறையில் அவள் இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். ஒருவழியாக மேலாளர் உள்ளே கூப்பிட்டார்.

"என் விண்ணப்பத்தை ஒரு மனுஷராவது படிச்சாங்களா சார்?"

"கம்ப்யூட்டர்தாம்மா வடிகட்டுது. அது தப்பு பண்ணாது."

"பிள்ளை பெத்து ரெண்டு வருஷம் வீட்ல இருந்தவங்களைப் படிக்காமலே தள்ளிடுது சார். திறந்து பாருங்க."

பார்த்தார். வேலையில் இரண்டு வருட இடைவெளி இருந்தால் நிராகரி என்று ஒரு விதி இருந்தது. அவர் முகம் சுருங்கியது.

"அடடா! சரிம்மா, உங்களை மட்டும் நான் தனியா எடுத்துக்கறேன். வெளிய சொல்லாதீங்க."

அந்த வேலை அவளுக்குக் கட்டாயம் தேவைதான்.

"வேணாம் சார். முதல்ல அந்த விதியைத் தூக்குங்க. இதுவரைக்கும் தள்ளின எல்லாரோட விண்ணப்பத்தையும் ஆள் வெச்சுப் படிங்க."

"இது வெளிய வாங்கின சாஃப்ட்வேர். எவனோ எழுதினதுக்கு நீங்க ஏம்மா வந்த வேலையை விடறீங்க?"

"எவனோ இல்ல சார். உங்களுக்கு இதை வித்த கம்பெனியில அந்த விதியை நான்தான் எழுதினேன். அப்ப எனக்குக் குழந்தை பிறக்கல."