முத்திரை எங்கே?

உலக வரலாறு அன்று காலை பத்து மணிக்குத் திசை திரும்பவிருந்தது. கொரியாவின் நாடு கடந்த அரசு ஜப்பான் மீது போர் தொடுக்கப் போகிறது. பிரகடனம் எழுதியாயிற்று; பத்து மணி விமானத்தில் ஏற்ற வேண்டும். இதை விட்டால் அடுத்த விமானம் எப்போதென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அரசு முத்திரையைக் காணவில்லை.

சீனாவின் சோங்கிங் நகரத்து வாடகை மாடியில் வெளியுறவு அமைச்சர் ஓக் மன்சோல் குதித்துக்கொண்டிருந்தார்.

“முத்திரை இல்லாத காகிதத்தை எவன் மதிப்பான்? இது ஜப்பான் உளவாளி வேலைதான்!”

“வாசல்ல நான் காவல் நிக்கறப்போ உளவாளி எப்படி அண்ணே வருவான்?” என்றார் படைத்துறை அமைச்சர் ஹாம். காவலுக்கு அவரை விட்டால் ஆளில்லை.

“நீ தூங்கியிருப்பே!”

“தூங்கினா என் குறட்டை உங்களுக்குக் கேட்டிருக்குமே!”

சமையலறையிலிருந்து ஓக் மன்சோலின் மனைவி புன்னி எட்டிப் பார்த்தாள். “எதைங்க தேடறீங்க?”

“நாட்டோட மானத்தைத் தேடறேன்! உனக்கெங்கே புரியப் போகுது? பச்சைக் கல்லு, குழவி கனம், அடியிலே எழுத்து வெட்டியிருக்கும்.”

“அதுவா! போன மாசம் பூண்டு அரைச்சு கிம்ச்சி ஊறப் போட்டப்போ, முட்டைக்கோஸ் மிதக்குது, பாரமா ஒரு கல்லு வைங்கன்னு கேட்டேன். பிரசங்கத்தை ஒப்பிச்சுக்கிட்டே நீங்கதானே எதையோ எடுத்து ஜாடிக்குள்ள வச்சீங்க?”

அமைச்சர் சட்டைக் கையைக்கூடச் சுருட்டாமல் ஜாடிக்குள் கையை விட்டார்.

பிரகடனம் சரியாகப் பத்து மணிக்கு விமானம் ஏறியது. அதில் பூண்டு வாசனை அடித்தது.