உடுப்பு வந்த தெரு

“ஐயையோ, உடுப்பு வருதே!”

பானுமதி போட்ட கூச்சலில் அவள் மடியிலிருந்த பூவெல்லாம் தெருவில் சிதறியது. தெருமுனையில் ஒரு போலீஸ் ஜீப் நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய பட்டாளத்துக்காரர் ஒருவர், பச்சை உடுப்பும் தொப்பியுமாக ஜெயராஜின் டீக்கடையில் வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

பீங்கான் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பட்டாளத்திலிருந்து லீவில் வருகிறவன் விருத்தாசலம் ஜங்ஷனிலேயே உடுப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, லுங்கியோ பேண்ட்டோ மாட்டிக்கொண்டுதான் தெருவுக்குள் கால் வைக்க வேண்டும்.

கார்கில் சண்டையில் மாயவன் மகன் செத்த சேதியைக் கொண்டுவந்தது உடுப்புதான். அதற்கு மறு வருஷம் ஒருத்தன் ஆசையாக உடுப்போடு வந்து இறங்க, அவனைப் பெற்றவளே மயங்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாள். நாட்டுக்கு அது மரியாதையாக இருக்கலாம், இந்தத் தெருவுக்கு அது எழவுச் சேதி.

ஜெயராஜ் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“பழமலைநாதன் வூடு எதுன்னு கேக்குறாரு. ஒரு டீய குடுத்து ஒக்கார வச்சிட்டு ஓடியாறேன். பெரியம்மாக்கா எங்க?”

பெரியம்மாள் வாசலில்தான் நின்றாள். கம்பெனியில் களிமண் பிசைந்த கையைக்கூட அவள் இன்னும் கழுவவில்லை. புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருப்பது ஒரே மகன் பழமலைநாதன். அவனுக்குக் காஷ்மீரில் போஸ்டிங். அவன் பேர் காதில் விழுந்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“போலீஸ் ஜீப்பு எதுக்குடா?” என்றாள் பானுமதி.

“மாயவன் மவனுக்கும் போலீஸு வந்து துப்பாக்கி வெடிச்சாங்கல்ல? அதுக்குத்தான் இருக்கும்.”

அவ்வளவுதான், தெரு எழவு வீடாகிவிட்டது. யாரோ நாற்காலி போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியநாயகி, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பழமலைநாதனின் போட்டோவை எடுத்து வந்து அதில் வைத்து, முன்னால் விளக்கேற்றினாள். கோயிலுக்கென்று கட்டி வைத்திருந்த ரோஜா மாலையை பானுமதி கொண்டுவந்தாள்.

மாலையைப் போடும்போது தடுக்கப் போவதுபோல் பெரியம்மாள் கையை நீட்டினாள். “வேணாம்...” என்று ஆரம்பித்தவள், தெருவைப் பார்த்தாள். உடுப்பு நாலு வீடு தள்ளி வந்துகொண்டிருந்தது. நீட்டிய கை அப்படியே இறங்கிவிட்டது.

“பானு, அந்த ஆள மட்டும் வூட்டுக்குள்ள வுட்டுடாத” என்று கிசுகிசுத்தாள். நிலைப்படியில் குறுக்காக உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், தெருக்கோடி வரைக்கும் கேட்டது. “என் ராசா... ஒன்னப் பறிகுடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்...” மாரில் அறைந்துகொண்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பட்டாளத்துக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போட்டோவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். விளக்கைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், தலைவிரி கோலமாகக் கிடந்த பெரியம்மாளைப் பார்த்தார்.

பானுமதிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏங்க, இந்த உடுப்போடதான் வரணுமா? ஒரு சட்ட பேண்ட்டு போட்டுக்கிட்டு வந்தா கொறஞ்சா போயிடுவீங்க? பெத்தவ வயிறு என்ன பாடு படும்னு தெரிய வேணாம்?”

“டூட்டியில வந்திருக்கேன்ம்மா. டூட்டின்னா யூனிஃபார்ம்லதான் வரணும்.”

“உங்க டூட்டிய தெருமுனையிலயே வச்சிக்கங்க. இது நாலு சனம் பொழங்குற எடம்.”

அவர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தை உள்ளே தள்ளிப் பித்தானைப் போட்டார். நிலைப்படிக்கு அருகே ஒரு அடி எடுத்து வைத்தார்.

பெரியம்மாள் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டது. அவரையே வெறித்துப் பார்த்தாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

“மன்னிச்சிடுங்கம்மா. இப்படிப்பட்ட நேரத்துல வந்து ஒங்களக் கஷ்டப்படுத்திட்டேன்.”

போட்டோவுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றுவிட்டு, விறுவிறுவென்று திரும்பி நடந்தார். கூட்டம் தானாக வழிவிட்டது. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

பெரியம்மாள் சட்டென்று எழுந்து உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

பானுமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் எதையாவது செய்துகொண்டால்? “அக்கா, கதவத் தொற! ஒண்ணும் பண்ணிக்காதக்கா! ஜெயராஜு, கதவ ஒடைடா!” என்று படபடவென்று தட்டினாள்.

பெரியம்மாள் அது எதையும் காதில் வாங்கவில்லை. அடுப்படிக்குப் போய், பரணுக்குக் கீழே நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாள்:

“சத்தம் போடாம எறங்கி பின்பக்கமா போயிடுடா... பட்டாளத்த வுட்டு ஓடியாந்த ஒன்னப் புடிக்க வந்தவரு, நீ செத்துட்டன்னு நெனச்சிட்டுத் திரும்பிப் போறாரு.”