வெளிச்சம் பத்தவில்லை

ஷட்டர் முழுதாக இறங்கியது.

வெளியே மதியம் மூன்று மணி வெயில். உள்ளே ஒன்றுமில்லை.

அவர் அசையாமல் நின்றார். அசைந்தால் எதிலாவது இடிக்கும்.

"பயப்படாதீங்கண்ணா, வித்து முடிச்சதும் தொறந்து விட்டுடுவேன்" என்று இருட்டுக்குள்ளிருந்து சுலைமான் சிரித்தான்.

சைக்கிள் கடைக்காரன். மலைப்பாதை சைக்கிளுக்கு லைட் விற்பதென்றால் இப்படித்தான் செய்வான். கடையை இருட்டாக்கிக் காட்டினால்தான் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை வருமாம்.

அவருக்கு எந்தக் கடைக்காரன் மேலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் இன்றைக்கு ஏமாற்ற வந்திருப்பது கடைக்காரன் இல்லை.

முதல் லைட் எரிந்தது.

எதிர்ச்சுவரில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு டயர்.

"பத்துமா?"

"பத்தாது."

இரண்டாவது லைட். அதே வட்டம். அதே டயர். கொஞ்சம் வெள்ளையாக.

"பத்தாது."

மூன்று மாதமாக இந்த ஒரே சொல்தான். ரிசார்ட் முதலாளியிடமும் இதையேதான் சொன்னார். சனிக்கிழமை ராத்திரிகளில் விருந்தாளிகளைத் தேயிலைக்காட்டு வழியாகச் சைக்கிளில் கூட்டிப் போவது அவர் வேலை. அவர் முன்னால். ஆறு பேர் பின்னால். வலது பக்கம் மேடு, இடது பக்கம் பள்ளம். போன வாரம், இருபது வருடமாகத் தெரிந்த வளைவில், தோள் மரத்தில் மோதியது.

லைட் பத்தலை சார் என்றார்.

முதலாளி நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் பொய் சொன்னால் இதுதான் தொல்லை. நம்பிவிடுகிறார்கள். இருக்கிறதிலேயே பெரிசாக வாங்குங்கள் என்று அவரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கோத்தகிரி கடைவீதிக்கு வந்துவிட்டார். வெளியே ஜீப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இன்றைக்கும் சனிக்கிழமை.

கண் முகாமுக்கு ஒரு முறை போயிருந்தார். டாக்டரம்மா விரலைக் காதுப் பக்கம் நீட்டி, தெரியுதா, தெரியுதா என்று கேட்டாள். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் என்றாள். அவர் நம்பவில்லை. முகாம் போடுகிறவர்கள் எல்லாம் கண்ணாடிக் கடைக்கு ஆள் பிடிக்கிறவர்கள்.

ஆனால் அவள் கண்ணாடி எழுதித் தரவில்லை.

அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

"இதை எங்க மாட்டப் போறீங்க? ஹேண்டில்பார்ல மாட்டினா வண்டி போற பக்கம் அடிக்கும். ஹெல்மெட்ல மாட்டினா நீங்க பாக்கற பக்கம் அடிக்கும்" என்றான் சுலைமான், அடுத்த பெட்டியைப் பிரித்தபடி. "ஹெல்மெட்ல மாட்டிக்கிட்டு எந்தப் பொம்பளையையும் பாத்துடாதீங்கண்ணா. ஊருக்கே தெரிஞ்சுடும்."

அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது லைட்.

சுலைமானே கண்ணை இடுக்கிக்கொண்டான். "ரெண்டாயிரம் லூமன். செவுத்துக்குச் செவுறு தெரியுதா? இதுக்கு மேல வேணும்னா சூரியன்தாண்ணா."

அதே வட்டம்.

டயரின் வரிப்பள்ளங்கள் மட்டும் இப்போது தனித்தனியாகத் தெரிந்தன.

பத்தாது என்று இனிமேல் சொல்ல முடியாது. பத்தும் என்று சொன்னால் ராத்திரி போக வேண்டும். தெரியவில்லை என்று சொன்னால் வேலை போகும். வேலையோடு குடியிருக்கிற வீடும் போகும்.

"தெரியுது" என்றார்.

"அப்படியே கடையை ஒரு சுத்து நடந்து பாருங்க."

இரண்டு அடி வைத்தார். இடது பக்கம் தொங்கவிட்டிருந்த சைக்கிளில் முகம் இடித்தது.

சக்கரம் சுழன்றது. டிக் டிக் டிக் என்று சுழன்று, தளர்ந்து, நின்றது.



"கால் தடுக்கிடுச்சு" என்றார்.

"அண்ணா."

"என்ன?"

"என் கையில என்ன இருக்கு?"

குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். சட்டை. பித்தான். முழங்கை. வட்டத்தை நகர்த்தி நகர்த்தித் தேட வேண்டியிருந்தது. கடைசியில் கை கிடைத்தது. உள்ளங்கையில் சிவப்பாக ஒன்று விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் மாட்டுகிற சின்ன லைட். பின்னால் வருகிறவர்கள் இருட்டில் அதைப் பார்த்துத்தான் திரும்புவார்கள்.

"உங்க தோளுக்குப் பக்கத்துலயே ரொம்ப நேரமா நீட்டிக்கிட்டு நிக்கறேன்" என்றான் சுலைமான். குரலில் கேலி இல்லை.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். கையை நீட்டி, மெதுவாக இடது பக்கம் கொண்டு போனார். நான்கு விரற்கடை போனது.

அணைந்துவிட்டது.

திரும்பக் கொண்டுவந்தார். எரிந்தது.

ஆறு பேர். போன வாரம் கடைசியாக வந்தது கல்யாணம் ஆகிப் பத்து நாள் ஆன ஒரு பெண். வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தாள்.

சிவப்பு லைட்டை சுலைமான் கையிலேயே வைத்து, அவன் விரல்களை மடக்கினார்.

"ஷட்டரத் தூக்குப்பா."

வெயில் முகத்தில் அடித்தது. ஜீப் இன்ஜினை முடுக்கிவிட்டு முதலாளி காத்திருந்தார். மறுபக்கக் கதவைத் தடவித் திறந்து அவர் ஏறி உட்கார்ந்தார்.

"கெடச்சுதா? பெரிசுதானே?"

"இருக்கறதுலயே பெருசைத்தான் பாத்தேன் சார். வாங்கல."

"ஏன்? இன்னைக்கு ராத்திரி ஆறு பேரு வர்றாங்களே உங்க பின்னால."

மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். ஜீப் கண்ணாடிக்கு அப்பால் ரோட்டில் ஒரு வட்டம். அதற்குள் ஒரு நாய் வந்தது. போய்விட்டது.

"என் பின்னால யாரும் வர வேண்டாம் சார்."

முதலாளி அவர் முகத்தையே பார்த்தார்.

பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.