அளந்து அடித்த பலகை

ரப்பர் மரத்தில் பால் வெட்டியே பழகிய மாயாண்டிக்கு அதுதான் முதல் தச்சு வேலை. பலகையைச் சுவரில் அடித்து, மூன்று தூண்டில் கம்புகளையும் அதில் படுக்க வைத்தார். முள்ளும் ஈயக்குண்டும் போட்ட டின்களைப் பக்கத்தில் அடுக்கினார்.

இரவல் கொடுத்த ரம்பத்தை வாங்க லுக்குட்டிலிருந்து வந்த தச்சர் இராஜமாணிக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கோணலா இருக்கு அண்ணே. அதுகூடப் பரவால்ல, இவ்வளவு கீழயா அடிப்பாங்க? ஒவ்வொரு தடவையும் குனிஞ்சுதான் எடுக்கணும்.”

“இருக்கட்டும் லா. அளந்துதான் அடிச்சேன்.”

“என்னத்த அளந்தீங்க? கழட்டி, நெஞ்சு உயரத்துக்கு நானே அடிச்சுத் தர்றேன்.”

அவர் சுத்தியலை எடுக்கும்போது வாசலில் டாக்சி வந்து நின்றது. மாயாண்டி ஓடினார்.

இனிப்புநீர் நோயால் ஒரு காலை எடுத்த பிறகு, அவர் மனைவி நீலாவதி இன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறாள். அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்.

பலகைக்கு நேரே வந்ததும், அவள் உட்கார்ந்தபடியே கையை நீட்டி நீளக் கம்பை எடுத்து, நுனியை வளைத்துப் பார்த்தாள். மூன்றுமே அவளுடையவை, மாயாண்டிக்குப் புழு கோக்கக்கூட வராது.

இராஜமாணிக்கம் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“பலகை கோணலா இருக்குங்க,” என்றாள் நீலாவதி. “உயரம் சரியா இருக்கு.”